பாதியில் அறுந்த அத்தியாயம்

"தங்கச்சி, அவ கதவத் தொறந்தாளா இல்லையா? அத மட்டும் சொல்லு."

கைப்பேசியில் வந்த குரல் செய்தி அவ்வளவுதான். அனுப்பியவர் பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருக்கும் ஓர் அக்கா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அவரைப் போன்ற இன்னும் சிலருக்கும் நான் தமிழ்ப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்து, பதிவு செய்து, அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். கோயிலில் பழக்கமான தோழி ஒருத்தி இழுத்துவிட்ட வேலை. ஒரே ஒரு புத்தகம் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கே விட மனம் வரவில்லை.

அப்போது படித்துக்கொண்டிருந்தது இந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதிய நாவல். ஹோட்டல் சமையலறையில் மங்கு, தட்டு கழுவும் ஒரு பெண். கப்பல் வேலைக்குப் போன புருஷன் வருஷக்கணக்கில் ஒரு தகவலும் இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு மழை நாளில் வந்து வாசலில் நிற்கிறான். அவள் இரும்புக் கிரில்லுக்கு உள்ளே நின்று அவனைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அந்த இடத்தில் என் குரல் கர்ரென்று இழுத்து, தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தமாகி, நின்றுவிட்டது. கைப்பேசியில் ஓட்டிக் கேட்டபோது எனக்கே கூச்சமாக இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த மூலப் பதிவைத் திறந்தேன். அதிலும் அதே இடத்தில் அதே சுரண்டல். ஆனால் படித்து முடித்த கையோடு, சேமிப்பதற்கு முன்பே, நான் ஓட்டிக் கேட்டிருந்தேன். அப்போது முழுசாக இருந்தது. கதவு திறந்தது, அவன் உள்ளே வந்தான், அவள் துண்டு எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் என் காதால் கேட்டது. சேமித்து மூடிய பிறகு யார் கை வைத்தது?

நான் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஓய்வு நாட்களில், மத்தியானத்தில்தான் பதிவு செய்வேன். காலையில் பள்ளி வேன்கள் ஹார்ன் அடிக்கும், சாயங்காலம் மேல்வீட்டுப் பிள்ளைகள் நாற்காலியை இழுப்பார்கள். வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் கொஞ்சம் அடங்கும். மகள் கோலாலம்பூருக்குப் படிக்கப் போனதிலிருந்து அவளுடைய அறை கம்ப்யூட்டர் அறையாகிவிட்டது. மேற்குப் பார்த்த ஜன்னல். அதைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மைக்கில் இரைச்சல் விழக்கூடாது என்று ஏர்கானையும் காத்தாடியையும் அடைத்துவிட்டு உட்காருவேன். வேர்த்துக் கொட்டும். பழகிவிட்டது.

கம்ப்யூட்டர் என் வீட்டுக்காரருடையது. அவருக்குத் துறைமுகத்தில் மேசை வேலை, எந்தக் கொள்கலன் எந்த லாரிக்கு என்று ஒதுக்குவது. வீட்டுக்கு வந்தால் கார் பந்தய விளையாட்டு. ஸ்டியரிங், பெடல் எல்லாம் வாங்கி மேசையில் முடுக்கி வைத்திருக்கிறார். அந்த மெஷினைத் துண்டுதுண்டாக வாங்கி அவரே சேர்த்தார். சேர்த்ததோடு விடாமல் ஓவர்கிளாக் என்று அதன் மூளையையும் மெமரியையும் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓடும்படி முடுக்கிவிட்டார். கடையில் கிடைப்பதைவிடத் தன்னுடையது வேகமானது என்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம். விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே அதைக் காட்டுவார்.

அன்று வேலை முடிந்து வந்தவரிடம் பதிவை ஓட்டிக் காட்டினேன்.

"மைக் வயர் லூசா இருக்கும்" என்றார்.

"மைக்கா இருந்தா மொதல்ல கேட்டப்பவே கரகரன்னு இருந்திருக்குமில்ல?"

"அப்ப டிஸ்க்தான். பழைய டிஸ்க்குதானே அது, ரொசாக் ஆயிருக்கும்லா, கெட்டுப் போயிருக்கும். மாத்திடுவோம்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. புது டிஸ்க் வந்தது. பழையதில் இருந்த என் பதிவுகள், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் நான் ஒரு மத்தியானம் உட்கார்ந்து புதியதில் நகலெடுத்தேன். திரையில் அளவு காட்டும் கோடு மெதுவாக நகர்ந்து முடிந்தது. பிழை எதையும் காட்டவில்லை. நிம்மதியாக இருந்தேன், மகளின் ஆரம்பப்பள்ளி முதலாம் ஆண்டுப் படத்தைத் திறக்கும் வரைக்கும்.

நெற்றியும் ரிப்பனும் இருந்தன. கண்ணுக்குக் கீழே ஒன்றுமில்லை. சிமெண்டு பூசியதுபோலச் சாம்பல் நிறம்.

எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அடுத்த படம், அடுத்த படம் என்று திறந்துகொண்டே போனேன். பெரும்பாலானவை நன்றாக இருந்தன, அதுதான் இன்னும் மோசம். எல்லாமே கெட்டிருந்தால் கெட்டுவிட்டது என்று உட்கார்ந்துவிடலாம். இங்கே ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை. மாமனாரின் அறுபதாம் கல்யாணப் படங்களில் ஒன்றில் குறுக்கே இளஞ்சிவப்புப் பட்டை. இன்னொன்றில் எல்லோருமே ஓரத்துக்கு நகர்ந்து, பாதி உடம்பு அடுத்தவர் தோளில் ஒட்டியிருந்தது.

பிறகுதான் உறைத்தது. பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டி அந்தப் பள்ளிப் படத்தைத் திறந்தேன். முழுசாக இருந்தது. முன்பல் இல்லாத சிரிப்போடு.

"டிஸ்க் இல்லைங்க" என்று அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன். "பழசுல நல்லா இருக்கு. புதுசுலதான் கெட்டிருக்கு. அங்கேருந்து இங்க வர்ற வழியில என்னமோ ஆவுது."

"வழியிலன்னா வயர்தான்."

வயரை மாற்றினார். அதற்குப் பிறகும் நான் நகலெடுத்த ஒரு கட்டு கெட்டது. வைரஸ் என்றார், தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. கரண்டு சரியில்லை என்றார், வேறு பிளக்கில் மாட்டினார். மெஷின் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. நான் சொன்னால் முகம் மாறியது.

"நீங்க வேகத்தக் கூட்டி வெச்சிருக்கீங்களே, அதனால இருக்குமோ?"

"அதெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் வெச்சிருக்கேன். நாள் முழுக்க ஓடவிட்டுப் பாத்தாச்சு. ஒரு எரர் வரல. இவ்வளவு கேம் வெளையாடுறேன், ஒருநாளாச்சும் நின்னுருக்கா?"

உண்மைதான், ஒருநாளும் நின்றதில்லை.

ஒரு சாயங்காலம் எனக்காகவே சோதித்துக் காட்டினார். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு நீள எண் எடுக்கும் சின்ன மென்பொருள் இருக்கிறது. கோப்பில் ஒரு துளி மாறினாலும் எண் வேறாகிவிடும். பெரிய கட்டு ஒன்றை நகலெடுத்து, இரண்டுக்கும் எண் எடுத்து ஒப்பிட்டார். அத்தனையும் ஒத்துப்போனது. திரும்பச் செய்தார். அப்போதும் ஒத்துப்போனது. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் அதே கட்டை, அதே மென்பொருளால் நான் செய்தேன். ஒத்துப்போகவில்லை. உடனே இன்னொரு தடவை செய்தேன். இந்த முறை முன்பு சரியாக வந்த கோப்பு தப்பாகவும், தப்பாக வந்தது சரியாகவும் வந்தது. அழுகை வரும்போல இருந்தது. அலுவலகத்தில் இருந்தவருக்குப் போன் போட்டேன்.

"நீ எங்கியோ தப்பான பட்டன அழுத்துற" என்றார்.

"நீங்க அழுத்துன அதே பட்டன்தான்."

"அப்ப ஏன் எனக்கு வரல, உனக்கு மட்டும் வருது?"

அந்தக் கேள்வி என்னை ஒரு இடத்தில் உட்காரவிடவில்லை. சோற்றை வடிக்கும்போது அது. ஃபேக்டரி பஸ்ஸில் அது. பாலத்தின் பக்கம் பஸ் நின்று நின்று ஊர்ந்தபோது, எனக்கு மட்டும் ஏன் என்று உதடு அசைந்து, பக்கத்தில் இருந்த பெண் என்னவென்று கேட்டாள். வீட்டில் எதைத் தொட்டாலும் சந்தேகம். பதிவு செய்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மூச்சு இழுக்கும் சத்தம்கூடக் கோளாறாகக் கேட்டது. ஒருவேளை என் தொண்டையில் ஏதோ, காதில் ஏதோ என்று கிளினிக் வரை போய்த் திரும்பினேன். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நன்றாகத் தூங்கச் சொன்னார்.

இதற்கிடையில் பட்டர்வொர்த் அக்கா தினமும் ஒரு செய்தி. "என்னாச்சு தங்கச்சி? கம்ப்யூட்டர் செத்துப் போச்சா, நீ செத்துப் போயிட்டியா?" நான், "கொஞ்சம் பொறுங்கக்கா, சரி பண்ணிட்டு அனுப்புறேன்" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு, சேமிக்கும் பட்டனை அழுத்தவே கை வரவில்லை. அழுத்தினால் எது மிஞ்சும், எது போகும் என்று தெரியாமல் எப்படிப் படிப்பது?

தொழிற்சாலையில் நான் இருப்பது சூட்டுச் சோதனைப் பிரிவு. போர்டுகளை அடுப்பு மாதிரி இருக்கும் ஒரு பெட்டிக்குள் வரிசையாக மாட்டி, கரண்டு கொடுத்து, வேகவைப்போம். குளிரில் நல்லபிள்ளையாக ஓடுகிற போர்டு சூட்டில் உளறும். அப்படி உளறுவதை முன்னாடியே பிடித்து ஒதுக்கத்தான் அந்தப் பிரிவு. வருஷக்கணக்காகச் செய்கிற வேலை. அன்றைக்குக் கையுறையோடு பெட்டிக் கதவை மூடினேன். உள்ளே சூடு ஏறும் எண் கூடிக்கொண்டு போவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகளுடைய அறை கண்ணில் வந்தது. சாத்திய ஜன்னல். இழுத்துவிட்ட திரை. அடைத்துவைத்த ஏர்கான்.

அவர் விளையாடும்போதும் சோதிக்கும்போதும் ஏர்கான் போர்வை கேட்கும் அளவுக்கு ஓடும்.

என்னுடன் வேலை செய்யும், என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிடும் மலாய்க்காரப் பெண், "காக், ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். சிரித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஓய்வு நாளில் அவரையும் லீவு போட வைத்தேன். மத்தியானம், வெயில் ஜன்னலில் ஏறியதும், உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஏர்கானப் போடும்மா" என்றார்.

"போடக் கூடாது. நான் உக்காந்து படிக்கிற மாதிரி நீங்க உக்காருங்க. அப்பறம் உங்க டெஸ்ட ஓட விடுங்க."

"அடுப்புக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு. இப்படியா உக்காந்து படிப்ப நீ?"

"பின்ன? காத்தாடி போட்டா மைக்கில விழும்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியும், ஆனால் அவர் ஒருநாளும் அந்த நேரத்தில் அந்த அறைக்குள் வந்ததில்லை. பனியன் உடம்போடு ஒட்ட, மெமரியைச் சோதிக்கும் நிரலை ஓட விட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அவர் முகத்தில் அந்தப் பழைய பெருமை திரும்பிக்கொண்டிருந்தது. இதுவும் இல்லை என்றால் அடுத்து எங்கே போய்த் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சிவப்பு வரி வந்தது.

அவர் முன்னால் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் சரசரவென்று பல வரிகள். எழுதச் சொன்ன எண் ஒன்று, மெமரி திருப்பிக் கொடுத்த எண் வேறொன்று. மெஷின் நிற்கவில்லை, முனகவில்லை. வாங்கிய பொருளை மாற்றிக் கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவர் கையை நீட்டிக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இதோட ஃபேன நான்தான் கொறச்சு வெச்சேன்" என்றார் மெதுவாக. "நீ படிக்க ஆரம்பிச்சப்ப. உன் மைக்கில சத்தம் விழக் கூடாதுன்னு."

அது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. இத்தனை நாளும் மனசுக்குள் அவரோடு போட்டுக்கொண்டிருந்த சண்டைக்கு அந்த நிமிஷத்தில் பிடிமானம் இல்லாமல் போய்விட்டது. கோபப்படவும் முடியாமல் நன்றி சொல்லவும் தெரியாமல், "வேர்க்குது, மொகத்தத் தொடைங்க" என்று துண்டை நீட்டினேன்.

மெஷினை அணைத்துப் போட்டு, செட்டிங் பக்கத்துக்குப் போய் மெமரியையும் மூளையையும் கம்பெனி சொன்ன வேகத்துக்கே இறக்கினார். இறக்கும்போது ஒவ்வொரு எண்ணையும் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அதே வெக்கையில், அதே சோதனையைத் திரும்ப ஓட விட்டோம். நான் குடிக்க இரண்டு கிளாஸ் ரோஸ் சிரப் கலந்து கொண்டு வந்தேன். வெயில் ஜன்னலை விட்டுக் கீழே இறங்கும் வரை சிவப்பு வரி வரவில்லை.

பழைய டிஸ்க்கை எறியாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. படங்களை மறுபடி நகலெடுத்து, கைரேகை எண்ணை ஒப்பிட்டேன். ஒத்துப்போயின. என்றாலும் மகளின் படத்தை நான் திறந்து பார்த்தேன், மூடினேன், திரும்பத் திறந்தேன். கொஞ்ச நாள் அந்தப் பழக்கம் இருந்தது. பதிவுகள் கதை வேறு. அவை கெட்ட மெமரி வழியாகவே முதலில் சேமிக்கப்பட்டவை. அவற்றுக்கு நல்ல நகல் எங்கும் இல்லை. கெட்டுப்போன அத்தியாயங்களைத் திரும்பவும் படித்தேன். மழை, கிரில், அவள் பார்த்துக்கொண்டே இருப்பது, கதவு திறப்பது, துண்டு. சேமித்தேன். மூடினேன். மறுபடி திறந்து கடைசி வரி வரைக்கும் கேட்ட பிறகுதான் அனுப்பினேன்.

பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். போனே வந்தது.

"என்னா தங்கச்சி இது?"

"ஏன்க்கா, திரும்பவும் கரகரங்குதா?"

"சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவ ஏன் கதவத் தொறக்கிறா?"

"கதையில அப்படித்தான்க்கா இருக்கு."

"நான் இங்க வேற மாதிரி சொல்லிட்டேனே!"

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. அக்கா நான் அனுப்பும் அத்தியாயங்களைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்கு வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கதையாகச் சொல்லி வந்திருக்கிறார். எனக்கு அதுவரை தெரியாது. பதிவு அறுந்தபோது அந்தப் பெண்கள் விடவில்லை. அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று நச்சரித்திருக்கிறார்கள். நானோ பொறுங்க, பொறுங்க என்று எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா தானே ஒரு முடிவைச் சொல்லிவிட்டார்.

"என்ன சொன்னீங்க?"

"கிரில் சந்து வழியா ஒரு கொடைய நீட்டினா. அவன் வாங்கிக்கிட்டான். இவ கதவச் சாத்திட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான்."

நான் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைத் தேடினேன்.

"எல்லாரும் கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாளுங்க. எதிர்வீட்டுப் பொம்பள அழுதுட்டா. இப்ப நீ அனுப்பினத ஸ்பீக்கர்ல போட்டா, துண்டு குடுக்குறாளாம், தேத்தண்ணி கலக்குறாளாம். 'இது தப்பு, மொதல்ல சொன்னதுதான் சரி'ன்னு எழுந்து போயிட்டாளுங்க."

மறுவாரம் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி அவரைப் பார்க்கப் போனேன். போனில் மட்டும் பேசிய ஆள் நேரில் இன்னும் குட்டையாக, இன்னும் வேகமாக இருந்தார். புத்தகத்தையே கையில் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பக்கத்தைப் பிரித்து எதிர்வீட்டுப் பெண்மணியிடம் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எழுதினவரு ஆம்பளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதான்" என்று சொல்லிப் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு, கருவாடு காயவைத்திருந்த தட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் சிரித்தார். அவர் விளையாட்டு இப்போது அங்கங்கே திக்குகிறது, வளைவுகளில் படம் தடுக்குகிறது. முனகுவார். ஒரு நாள், "கொஞ்சூண்டு ஏத்திப் பாக்கவா? ஏர்கான் போட்டுக்கிட்டு?" என்று கேட்டார். "நான் படிக்கிற புத்தகம் முடியட்டும்" என்றேன். தலையாட்டினார். ஆனாலும் ஒவ்வொரு மத்தியானமும் உட்காருவதற்கு முன்னால் செட்டிங் பக்கத்தைத் திறந்து அந்த எண்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அவர் மேல் சந்தேகம் என்று சொல்ல மாட்டேன். மெஷின் மேல் என்றும் சொல்ல முடியாது. பார்க்காவிட்டால் படிக்க ஓடவில்லை.

நாவலின் மிச்ச அத்தியாயங்களைப் படிப்பது இன்னும் சங்கடமாகத்தான் இருந்தது. புத்தகத்தில் அவன் உள்ளே வந்து, வேலை தேடி, பிள்ளைகளோடு பேச ஆரம்பித்திருந்தான். அந்த வராந்தாக் கதையில் அவன் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். அவன் பேரை உச்சரிக்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு ஒரு கணம் தயங்கியது. தயங்கியதை அழித்துவிட்டு மறுபடி படிப்பேன். அக்காவின் காது அதையும் கண்டுபிடித்துவிட்டது.

"அவன் வர்ற எடத்துல மட்டும் ஒனக்கு கொரல் எறங்குது" என்றார் போனில்.

"அப்படியாக்கா?"

"ஆமா. சரி, அந்த ஆளு இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கானா?"

"இருக்கான்க்கா. அடுத்த அத்தியாயத்துல கடை வைக்கப் போறான்."

அக்கா போனைத் தள்ளிப் பிடித்தது தெரிந்தது. யாரிடமோ அதை எடுத்துச் சொல்வதும், யாரோ 'ச்சே' என்பதும் கேட்டது.

"அனுப்பு. நாங்க கேட்டுட்டு, சரியா தப்பான்னு சொல்றோம்" என்றார் அக்கா.